பொற்பதக்கமும் சன்னதும்: கம்மந்தான் கான் சாகிபின் வரலாறு

பொருநை பாயும் நெல்லைச் சீமையின் பழைய வரலாற்றை ஆராயப் புகுவோர் கல்வெட்டைத் தேடுவர், செப்பேட்டைத் தேடுவர், ஓலைச்சுவடிகளை நாடி ஊர் ஊராய்ச் செல்வோரும் உளர். ஆயினும், அரசு ஒருவர்க்கு அளித்த சிறப்பினை எழுத்தில் வடித்துத் தந்த தாள்களை, அதாவது சன்னதுகளைத் தேடித் தொகுப்போர் நம்மிடையே மிகச் சிலரே. மேலை நாடுகளில் இத்தொகுப்பு முயற்சி ஒரு தனித்துறையாகவே வளர்ந்துள்ளது. ஆங்கே பதக்கம் சேர்ப்போர், பதக்கத்தினும் அதனோடு வந்த தாளுக்கே மிகுந்த மதிப்பளிப்பர்.

இதற்குக் காரணம் உண்டு. பதக்கம் என்பது உலோகம். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படுவது. அஃது எவர் மார்பில் தொங்கியது என்பதைப் பெரும்பாலும் அது சொல்வதில்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கும்பினி வெளியிட்ட சீரங்கப்பட்டணப் பதக்கம் இதற்கு நல்ல சான்று. தகுதிக்கேற்பப் பொன், வெள்ளி, வெண்கலம், ஈயக்கலவை எனப் பலவகையாக அது வார்க்கப்பட்டது. இந்தியச் சிப்பாய்களுக்கும் வழங்கப்பட்டது. ஆயின், பெற்றவர் பெயர் அதில் பொறிக்கப்படவில்லை. (புலியை அடக்கும் சிங்கத்தின் மேல் பறக்கும் கொடியில், ஹஜ்ரத் அலி அவர்களுக்குரிய சிறப்புப் பெயரை அரபு எழுத்திலேயே பொறித்து, ஒரு முஸ்லிம் மன்னர் மாண்ட வெற்றியைக் கும்பினி கொண்டாடிய விந்தையை என்னென்பது!) இத்தகைய பதக்கம் ஒன்று இன்று நம் கைக்குக் கிடைப்பினும், அதனை அணிந்தவர் ஆர்க்காட்டாரா, ஆக்ராவினரா என்றறிய வழியில்லை. உடன் ஒரு தாள் இருப்பின் உலோகம் பேசத் தொடங்கிவிடும். உதுமானியப் பேரரசு 1850களில் நிறுவிய மஜீதிய்யா விருதுடன் சுல்தானின் துக்ரா முத்திரை பொறித்த பராஅத் என்னும் ஆணைத்தாள் வழங்கப்பட்டது. சோவியத்து நாட்டில் விருதின் பின்புறம் எண்ணைப் பொறித்து, அதே எண்ணைச் சிறு புத்தகம் ஒன்றில் பெற்றவர் பெயருடன் பதிந்து கொடுத்தனர். இரண்டும் ஒருங்கே கிடைத்தால் தொகுப்பாளர்க்கு அது புதையல்; பிரிந்துபோனால் இரண்டும் பாதி ஊமை.

சன்னது என நாம் வழங்கும் சொல் அரபியின் ஸனது என்பதே. சாய்ந்துகொள்ளத் தக்க ஆதாரம் என்பது அதன் அடிப்படைப் பொருள். நபிமொழியைச் சொன்னவர், அவரிடம் கேட்டவர், அவரிடம் கேட்டவர் எனத் தொடர்ந்து வரும் அறிவிப்பாளர் சங்கிலிக்கு ஹதீஸ் கலையில் அதுவே பெயர். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதி முடித்தோர்க்கு வழங்கப்படும் பட்டமும் ஸனதே. பாரசீக அரசவை வழியாக நாட்டு நிர்வாகத்துள் புகுந்த இச்சொல், நவாபு காலத்தில் தமிழ் மக்கள் நாவில் சன்னதாக நிலைத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் கான் பகதூர், ராவ் பகதூர் முதலிய பட்டங்களும் சன்னதுடனேயே வந்தன. விடுதலைக்குப் பின்னர் அரசமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. எனினும் 1954இல் தொடங்கிய பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெறுவோர்க்குக் குடியரசுத் தலைவரின் கையொப்பமிட்ட சன்னதும் பதக்கமும் இன்றளவும் வழங்கப்படுகின்றன.

தமிழர்க்கு இது புதிதன்று. வீரர்க்கு வேந்தன் செய்யும் சிறப்பினை மாராயம் என்று தொல்காப்பியம் குறிக்கும். ஏனாதிப் பட்டம் பெற்றோன் மோதிரம் அணிவிக்கப்பெற்றான். வேள்விக்குடிச் செப்பேட்டுச் செய்தியோ இவற்றினும் சுவையானது. பொருநை கடலொடு கலக்குமிடத்திருந்த கொற்கையின் தலைவன் நற்கொற்றன் என்பார்க்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. நூற்றாண்டுகள் பல கடந்தபின், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுஞ்சடையன் முன் அவர் வழியினர் ஒருவர் வந்து முறையிட்டார். பழைய கொடை மெய்யெனக் காட்டுக என்றான் மன்னன். காட்டினார், ஊர் மீண்டது. அரசன் தந்த சொல்லுக்கு ஆதாரம் வைத்திருப்பவனே பிழைப்பான் என்பது அன்றே அறியப்பட்டிருந்தது.

ஆதாரம் இருந்தும் பிழைக்காத ஒருவரின் வரலாற்றையே ஈண்டு நாம் எடுத்துரைக்க விழைகிறோம். நெல்லையையும் மதுரையையும் ஒருசேர ஆண்டவரும், கும்பினியின் கையாலேயே பொற்பதக்கம் பெற்றவருமாகிய முகம்மது யூசுப்கான் அவரே. மக்கள் அவரைக் கான் சாகிபு என்றனர். படைத்தலைவர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தம் நாவுக்கேற்ப வளைத்துக் கம்மந்தான் என்றனர். மருதநாயகம் என்பது அவருடைய முன்னைப் பெயர் என்பர்.

இராமநாதபுரச் சீமையின் பனையூரில் எளிய வேளாண் குடியில் அவர் பிறந்தார் என்பதே மரபுச் செய்தி. இளமையிலேயே ஊரை நீங்கி, இஸ்லாத்தைத் தழுவி, படைத்தொழிலை மேற்கொண்டார். 1752இல் காவேரிப்பாக்கப் போருக்குச் சற்று முன்னர்த் தாமே திரட்டிய ஒரு சிறு படையுடன் கிளைவின் கீழ்ச் சேர்ந்தார் என்பது தொட்டு அவர் வரலாறு தெளிவு பெறுகிறது. அடுத்த ஈராண்டுகள் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்து நடந்த நெடும்போரில் கழிந்தன. முற்றுகையுள் சிக்கிய படைக்கு உணவு கொணர்வதே அங்குப் பெரும் போராக இருந்தது. நாட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர், இரவில் புறப்பட்டு விடியுமுன் வண்டிகளைக் கொண்டுவந்து சேர்ப்பவர், களத்தில் பதறாதவர். தலைமைத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பிறவிப் போர்வீரர் என்னும் கருத்துப்பட வியந்து எழுதினார். 1754இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் தளபதியாக அவர் நியமனம் பெற்றார். அந்நாளில் இந்தியர் ஒருவர்க்கு இது சிறிய பதவியன்று.

நியமனத் தாளைத் தொடர்ந்து வந்தது பொற்பதக்கம். பின்னாளைய பதக்கங்களைப் போல ஆயிரவர்க்கும் பொதுவாக வார்க்கப்பட்டதன்று அது. அவர் ஒருவர்க்கெனவே செய்யப்பட்டது. அதில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. சிப்பாய்களின் தளபதி என்னும் பதவியும் பொறிக்கப்பட்டிருந்தது. வீரத்திற்குப் பரிசாகவும், துணிவுள்ள போர்வீரர், திறமிக்க அதிகாரி, உண்மையான ஊழியர் ஒருவரின் பெயர் வருங்காலத்தார்க்கு நிலைக்கும்பொருட்டும் கும்பினி இதனை வழங்குகிறது என்னும் கருத்து அதில் எழுதப்பட்டிருந்தது. பதக்கத்திலேயே சன்னதைப் பொறித்துவிட்டனர் என்று சொல்லலாம். உண்மையான ஊழியர் என்ற அந்தத் தொடரை வாசகர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

தாள்களின் போர்

அக்காலத்துப் போர்கள் வாளாலும் பீரங்கியாலும் மட்டும் நடந்தவையல்ல என்பதை நம் மாணவர்கள் உணர்தல் நலம். கர்நாடகத்தின் நவாபு யார் என்பதே வழக்கு. சந்தா சாகிபின் சார்பிலும், அவர் மறைந்தபின் தம் சார்பிலும் பிரெஞ்சுக்காரர் சில சன்னதுகளை வைத்திருந்தனர். முகம்மதலியின் சார்பில் ஆங்கிலேயர் சில சன்னதுகள் உண்டென்றனர். 1754 சனவரியில் டச்சுக்காரர்க்குரிய சதுரங்கப்பட்டினத்தில் இருசாராரும் அமர்ந்து பேசினர். பிரெஞ்சுப் பேராளர் தம் தாள்களை விரித்தனர். முத்திரை சரியில்லை, தாள் போலியெனத் தோன்றுகிறது என்று ஆங்கிலப் பேராளரான பால்க்கும் வான்சிட்டார்ட்டும் மறுத்தனர். ஆங்கிலேயர் சொன்ன தாள்களோ அங்குக் கொண்டுவரப்படவே இல்லை. பேச்சு முறிந்தது. இன்றைய தொகுப்பாளர் ஒரு சன்னதைக் கையில் எடுத்ததும் முத்திரையை, தாளின் நீர்க்குறியை, கையொப்பத்தை, ஆண்டுக் கணக்கை ஒவ்வொன்றாய்ச் சோதிப்பது போன்றே அன்று ஓர் அரசின் உரிமை சோதிக்கப்பட்டது!

அதே 1754ஆம் ஆண்டில் போலித் தாள் ஒன்று யூசுப்கானின் தலைமேலேயே விழுந்தது. லாரன்சின் துபாஷியாக இருந்த பொன்னியப்பன் என்பவன் மைசூர்த் தளவாய் நஞ்சராசருடன் மறைவாகத் தொடர்பு கொண்டிருந்தான். யூசுப்கானை ஒழிக்கக் கருதிய அவன், அவரும் மைசூராரும் உடன்பட்டுவிட்டதாகக் காட்டும் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கையில் அகப்படுமாறு சூழ்ச்சி செய்தான். யூசுப்கான் காவலில் வைக்கப்பட்டார். உசாவல் நடந்தது, உண்மை வெளிப்பட்டது, இரண்டகம் செய்தவன் துபாஷியே எனத் தெளிந்து அவனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டனர். அம்முறை யூசுப்கானைக் காப்பாற்றியது உசாவல் என்ற ஒன்று நடந்ததே.

பொருநைக் கரையில்

1755இல் கர்னல் ஹெரானும் நவாபின் தமையன் மாபூஸ்கானும் தெற்கே வந்து வரி தண்ட முயன்று நாட்டைக் கலக்கினர். அக்கலக்கத்தின் நடுவே 1756இல் யூசுப்கான் சிப்பாய்களுடன் மதுரைக்கும் நெல்லைக்கும் அனுப்பப்பட்டார். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் தலைமையில் மேற்குப் பாளையத்தார் ஒன்றுபட்டு நின்ற காலம் அது. இங்கு நாம் நடுநிலை பிறழாது எழுத வேண்டும். கும்பினியின் பக்கம் நின்று பூலித்தேவரை ஒடுக்கியவர் யூசுப்கானே. 1760இன் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையை அவரால் வெல்ல இயலவில்லை. 1761இல் நெற்கட்டுஞ்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் அவர் கைக்கு வீழ்ந்தன. இப்பனையூர் பூலித்தேவரின் கோட்டை. அவர் பிறந்த ஊர் வேறு. பூலித்தேவரின் வீரத்தைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் ஆகாது. மறைத்துத்தான் கான் சாகிபைப் போற்ற வேண்டும் என்னும் நிலையும் இல்லை.

இடையில் வடக்கே பெரும்போர் மூண்டது. 1758 திசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது யூசுப்கான் அழைக்கப்பட்டார். செங்கற்பட்டையும் பரங்கிமலையையும் அடுத்த வெளிகளில் சுழன்று திரிந்து, பிரெஞ்சுப் படைக்கு வரும் உணவையும் கால்நடைகளையும் தடுத்து, லாலியை ஓயவிடாது தொல்லை கொடுத்தார். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. சென்னை ஆங்கிலேயர்க்கு எஞ்சியதில் அவருக்குப் பெரும்பங்குண்டு.

பரிசாக வந்தது இன்னொரு தாள். 1759இல் மதுரை, நெல்லை ஆகிய இரு சீமைகளும் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க்கு அவரிடம் குத்தகையாக விடப்பட்டன. அத்தொகையின் உயிர்நாடி பொருநைப் படுகையே. தென்மேற்குப் பருவமழையால் கார் சாகுபடியும் வடகிழக்குப் பருவமழையால் பிசானமும் என இருபோகம் விளையும் மண் இது. மதகு உடைந்தால் நெல் இல்லை. நெல் இல்லையேல் குத்தகை இல்லை. குளங்களையும் கால்வாய்களையும் அவர் செப்பனிட்டார். கொள்ளையரை அடக்கி வழிகளைக் காத்தார். வணிகரும் நெசவாளரும் அச்சமின்றித் தொழில் செய்தனர். 1760இல் டச்சுக்காரர் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் படையிறக்கி, ஆற்றோரமாக ஆழ்வார்திருநகரி வரை முன்னேறினர். கான் சாகிபின் படை நெருங்குவதை அறிந்ததும் வந்த வழியே திரும்பிக் கப்பலேறினர்.

இருபதாண்டுகளின் பின் தெற்கே படைநடத்திய கர்னல் புல்லார்ட்டன், யூசுப்கானின் ஆட்சியைப் பற்றி 1787இல் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். அவருடைய நீதி ஐயத்திற்கு இடமற்றது, வாக்கு மாறாதது, அறிவும் ஆற்றலும் நேர்மையும் எந்த நாட்டார் எந்த நிறத்தாரிடத்தும் இதனினும் மேலாக விளங்கியதில்லை என்பது அவர் கூற்றின் சாரம். கும்பினி கொன்ற ஒருவர்க்குக் கும்பினித் தளபதி ஒருவரே எழுதிக் கொடுத்த இதனினும் மேலான சன்னது எது?

நல்லாட்சியே அவர்க்குப் பகையாயிற்று. சீமைகள் தமக்குரியவை, குத்தகைதாரர் தமக்கே அடங்கியவர் என்றார் நவாபு முகம்மதலி. தமக்குச் சீமையைத் தந்தது கும்பினி, தாம் கும்பினியின் தளபதி என்றார் யூசுப்கான். நவாபுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஆங்கிலேயர், கடன் மீள வேண்டுமாயின் நவாபின் பக்கமே நிற்க வேண்டியிருந்தது. பதக்கத்தில் பொறித்த எழுத்துக்கும் கடன் பத்திரத்தில் எழுதிய எழுத்துக்கும் போட்டி வந்தால் கும்பினி எதனைத் தேரும் என்பதை ஊகிப்பது அரிதன்று. யூசுப்கான் படைதிரட்டினார், மார்ச்சந்த் என்பவர் தலைமையில் பிரெஞ்சு வீரரைச் சேர்த்தார், களக்காட்டுப் பக்கம் திருவிதாங்கூருடனும் மோதினார். 1763இல் கிளர்ச்சியாளர் என அறிவிக்கப்பட்டு, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

அவரது கெடுபேறு, அதே 1763 பிப்ரவரியில் கடல்கடந்த பாரிசில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன் 11ஆம் பிரிவில் முகம்மதலியே கர்நாடகத்தின் முறையான நவாபு எனப் பிரெஞ்சுக்காரரும் ஒப்பினர். சதுரங்கப்பட்டினத்தில் தீராத வழக்கு பாரிசில் தீர்ந்தது. கான் சாகிபு ஏற்றிய கொடிக்கு அதன்பின் பொருளில்லை.

1763இல் நடந்த முதல் முற்றுகை தோற்றது. 1764இல் மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தனர். சூன் மாதத் தாக்குதலில் மேஜர் பிரெஸ்டன் படுகாயமுற்று மாண்டார், அத்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பின்னர்க் கோட்டையைச் சுற்றி வளைத்துப் பசியால் பணியவைக்க முற்பட்டனர். குதிரைகளையும் உண்ணும் நிலை வந்தது. அக்டோபர் 13ஆம் நாள் மார்ச்சந்தும் திவான் சீனிவாசராவும் மருத்துவர் பாபா சாகிபும் கூடித் திட்டமிட்டு, அவர் தொழுகையில் இருந்த வேளையில் பாய்ந்து அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினர் என்பர். ஒரு நாள் இடைவெளியில், 1764 அக்டோபர் 15ஆம் நாள், நவாபின் ஆணைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். கும்பினியின் தளபதியை விசாரிக்கக் கும்பினியின் படைமன்றம் கூடவில்லை. பத்தாண்டுகளுக்கு முன் திருச்சியில் ஒரு போலிக் கடிதத்தின்மீது நடந்த உசாவல்கூட மதுரையில் நடக்கவில்லை.

உடலைக் கூறுபோட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பினர், அவற்றுள் ஒன்று நம் பாளையங்கோட்டைக்கும் வந்தது என்பது மக்கள் வழக்கு. கான் சாகிபு சண்டை என்னும் கதைப்பாடல் நாட்டுப்புறத்தார் நாவில் நெடுங்காலம் வாழ்ந்தது. நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை அதனைப் பதிப்பித்தார். 1972இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும் திருவில்லிபுத்தூர்ப் பக்கம் கான்சாபுரமும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

கதைப்பாடல் அவர் வீரத்தைச் சொல்லும்; பதக்கத்தின் எழுத்தைச் சொல்லாது. அதனை நமக்குத் தந்தவர் பழைய ஆவணங்களைத் தோண்டியவர்களே. இந்திய அரசின் ஆவணங்களுக்குப் பொறுப்பாளராக முன்பு இருந்த எஸ். சி. ஹில் என்னும் ஆங்கிலேயர், கும்பினியின் ஆலோசனைக் குறிப்புகளையும் கடிதப் போக்குவரத்தையும் ஒன்றுதிரட்டி 1914இல் யூசுப்கானின் வரலாற்றை நூலாக்கினார். நூலின் தலைப்பே அவரைக் கிளர்ச்சித் தளபதி என்றுதான் சொல்கிறது. ஆயினும் உள்ளே ஆதாரங்களை அவர் மறைக்கவில்லை. உண்மையான ஊழியர் எனப் புகழ்ந்த தாளும் கிளர்ச்சியாளர் எனப் பழித்த தாளும் ஒரே அரசின் எழுத்தர் கைகளால் எழுதப்பட்டவை. ஒரே ஆவணத் தொகுதியில் இருந்தவை. முன்னது அழிந்து பின்னது மட்டும் எஞ்சியிருப்பின் கான் சாகிபைப் பற்றி நாம் என்ன எழுதியிருப்போம்?

இவ்விடத்தில் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் காயல்பட்டினத்திலும், ஆற்றின் இருகரை ஊர்களிலும், பழைய மரப்பெட்டிகளின் அடியில் பாட்டனார் பெற்ற பட்டச் சன்னதோ, படைப்பணிச் சான்றோ, குத்தகைக் கவுலோ மடங்கிக் கிடக்கலாம். பதக்கத்தைத் தட்டானிடம் கொண்டுபோவோரும் தாளைப் பழைய காகிதத்தோடு போடுவோரும் உண்டு. மடிப்பை வலிந்து பிரிக்காமல், பசையிட்டு ஒட்டாமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில் தட்டையாக வைத்து, யார் பெற்றது, எவர் வழி வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தாற் போதும். ஆங்கிலேயர் கொடுத்த பட்டம் நமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பட்டத்தைப் போற்றும்படி நாம் சொல்லவில்லை. கொடுத்தவன் என்ன எழுதினான் என்பதற்குக் கொடுத்தவன் கைச்சாத்தே வேண்டும் என்றே சொல்கிறோம்.

1808இல் மதுரை சம்மட்டிபுரத்தில் கான் சாகிபின் அடக்கவிடத்தின்மீது பள்ளிவாசல் எழுந்தது. மதுரை செல்லும் நம் மாணவர்கள் கான்சாமேட்டுத் தெருவில் நடந்துவிட்டு, மேற்கே சற்றுத் தொலைவிலுள்ள அங்கும் சென்று ஒரு பாத்திஹா ஓதி வரலாம்.